ஊற்றிய தண்ணீர் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவடைக்கு முன் டிராக்டரைத் தயார் செய்வது பற்றி உங்கள் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், டயர் காற்று, பேட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி கொடுத்திருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் இன்ஜினைக் குளிர்விக்கும் அமைப்புக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு வரி: ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் ஊற்றிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் நான் ஓர் இன்ஜினைப் பறிகொடுத்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக டிராக்டர் ஓட்டுகிறவன், அவ்வளவுதான். அப்போது எங்களிடம் இருந்தது மூன்று சிலிண்டர் வண்டி, இரண்டாம் கையாக வாங்கியது. நானும் என் தம்பியும் மாறி மாறி ஓட்டுவோம். காலையில் வண்டி எடுக்கும் முன் டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் பார்ப்போம், ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்ப்போம். குறைந்திருந்தால் போர்வெல் தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றுவோம். ஒரு கட்டத்தில் அது தினமும் அரை லிட்டர் ஆனது. இரண்டு மாதம் அப்படியே ஓடியது. ஒழுங்காகப் பராமரிக்கிறோம் என்றுதான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். குறைகிறது, ஊற்றுகிறோம், ஓடுகிறது. இதில் என்ன தப்பு?

அன்று பிடிஓவில், அதாவது டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டில், கதிரடிக்கும் இயந்திரத்தை மாட்டி மதியத்திலிருந்து நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரே இடத்தில் நின்று முழு வேகத்தில் ஓடும் வேலை. சுற்றிலும் தூசியும் சண்டும் (வைக்கோல் தூள், பதர்) பறக்கின்றன. வெப்ப முள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே நின்றது. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்தபடி இருந்தேன். திடீரென்று முள் சரசரவென்று கீழே இறங்கி, குளிர்ந்த இன்ஜினில் நிற்குமே அந்த இடத்துக்குப் போய்விட்டது. அப்பாடா, சூடு இறங்கிவிட்டது என்று நிம்மதியானேன். சில நிமிடத்தில் இன்ஜின் சத்தம் மாறியது. இழுவை குறைந்தது. திணறியது. நின்றுவிட்டது. மறுபடி சாவியைத் திருப்பினால் சுற்றவே இல்லை.

பிறகுதான் புரிந்தது, முள் இறங்கியது நல்ல சேதி இல்லை என்று. சூட்டை அளக்கும் சென்சார் கூலன்ட்டில், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தில், மூழ்கி இருந்தால்தான் சரியாகச் சொல்லும். வாட்டர் பம்பின் சீல் அந்த நேரத்தில் முழுதாக விட்டுப்போய், இருந்த தண்ணீர் எல்லாம் ஃபேனுக்குப் பின்னால் கொட்டியிருக்கிறது. இயந்திரச் சத்தத்திலும் தூசியிலும் எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. சென்சாரைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றும்தான். அதனால் முள் கீழே போனது. உள்ளே இரும்பு வெந்துகொண்டிருந்தது. டிராக்டர் ஓட்டும் ஒவ்வொருவரும் இதை மனதில் வைக்க வேண்டும்: வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது வெப்ப முள் காரணமில்லாமல் திடீரென்று விழுந்தால், உடனே இன்ஜினை நிறுத்துங்கள். முள் மேலே ஏறுவதைவிட அது ஆபத்து.

பிரித்துப் பார்த்த மெக்கானிக் என்னைவிட இருபது வயது இளையவர். இரண்டாவது பிஸ்டன் சிக்கிக்கிடந்தது, பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் எரிந்திருந்தது. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பக்கத்தில் நேர்ச்சட்டம் வைத்து, நடுவில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துக் காட்டினார். ஹெட் வளைந்திருந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, தினம் அரை லிட்டர் ஊத்தினேன்னு சொல்றீங்களே, அது எங்க போச்சுன்னு ஒரு நாளாவது பார்த்தீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. பார்க்கவில்லையே, என்ன சொல்வது?

குளிர்விக்கும் அமைப்பு ஒரு மூடிய வட்டம். தண்ணீரைக் குடித்து வேலை செய்யும் மாடு இல்லை அது. நல்ல நிலையில் இருக்கும் டிராக்டரில் மாதக்கணக்கில் ஒரு கை அளவுகூடக் குறையக் கூடாது. குறைகிறது என்றால் ஒன்று வெளியே ஒழுகுகிறது, இல்லையென்றால் இன்ஜினுக்குள்ளே போகிறது. மூன்றாவது வழி கிடையாது. தினமும் ஊற்றிக்கொண்டே இருப்பது, காயத்தைப் பார்க்காமல் ரத்தம் மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பதற்குச் சமம்.

எங்கள் வண்டியில் வாட்டர் பம்பின் அடிப்பக்கத்தில் விரல் நுனி அளவு ஒரு துளை உண்டு. அதை வடிதுளை என்று சொல்லலாம். பம்பின் சீல் தேய ஆரம்பித்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடாமல், அந்தத் துளை வழியாக வெளியே சொட்ட வேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அது ஒரு முன்னெச்சரிக்கை. ஆனால் சூடான இன்ஜின் மேல் சொட்டும் நீர் தரைக்கு வருவதற்குள் காய்ந்துவிடும். மிஞ்சுவது வெள்ளையாக ஒரு கோடு, சுண்ணாம்பு வழிந்தது போல. எங்கள் பம்பின் கீழே அந்தக் கோடு இரண்டு மாதமாக இருந்திருக்கிறது. தூசி என்று நினைத்து ஒருமுறை துணியால் துடைத்தவனும் நான்தான்.

இனி, அந்தச் சீல் ஏன் தேய்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். போர்வெல் தண்ணீரில் கால்சியம், மெக்னீசிய உப்புகள் கரைந்திருக்கும். சூடாகும்போது அவை பிரிந்து இரும்பில் படியும். வீட்டில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவுதான். இன்ஜினில் அது எங்கே படிகிறது தெரியுமா? எந்த இடம் அதிகச் சூடோ அங்கே, அதாவது சிலிண்டரைச் சுற்றியும் ஹெட்டின் வால்வுகளுக்கு இடையிலும். எந்த இடம் முதலில் குளிர வேண்டுமோ அதுவே முதலில் மூடப்படுகிறது. வார்ப்பிரும்பு இந்தச் சுண்ணாம்புப் படிவைவிட ஏறக்குறைய இருபது மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஒரு மில்லிமீட்டர் படிவு சேர்ந்தால், இரண்டு சென்டிமீட்டர் கூடுதல் இரும்பைச் சிலிண்டருக்கு வெளியே போர்த்திவிட்டது போல. எங்கள் இன்ஜின் பிளாக்கின் பின் மூலையில் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியபோது நகத்தின் கனத்துக்குச் சில்லு சில்லாகப் பெயர்ந்து வந்தது. அதில் உதிரும் துகள்கள்தான் பம்ப் சீலின் வழவழப்பான முகத்தை மணல் தாள் போலத் தேய்த்திருக்கின்றன.

இதோடு முடியவில்லை. பிஸ்டன்கள் ஓடும் குழாய்களான லைனர்களை மெக்கானிக் வெளியே எடுத்துக் கழுவி மேஜைமேல் நிறுத்தினார். வெளிப்புறத்தில், ஒரே பக்கத்தில், மேலிருந்து கீழாக ஒரு வரிசை ஊசித் துளைகள். கரையான் அரித்த மரம் போல இருந்தது. துரு என்று நினைத்தேன். துரு இல்லையாம். எரிபொருள் வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளும்போது, பிஸ்டன் லைனரின் ஒரு பக்கச் சுவரில் மோதுகிறது. மணியை அடித்தால் அதிர்வது போல லைனர் அதிர்கிறது. அதன் வெளிச்சுவர் தண்ணீரைவிட்டு ஒரு கணம் விலகும்போது அங்கே அழுத்தம் குறைந்து நுண்ணிய ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. சுவர் திரும்பி வரும்போது அந்தக் குமிழிகள் நசுங்கி உடைகின்றன. ஒவ்வொரு குமிழியும் இரும்பின் மேல் ஒரு சின்ன உளி அடி. நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு ஆயிரம் முறை வெடிக்கிறது. ஒரு நாள் வேலைக்கு எத்தனை அடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். துளை முழுதாக விழுந்துவிட்டால் கூலன்ட் நேராகச் சிலிண்டருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் போகும். டீசல் இன்ஜினுக்கு என்று செய்த கூலன்ட்டில் இதைத் தடுக்க மருந்து சேர்த்திருப்பார்கள். அது லைனர் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும். குமிழி அந்தப் படலத்தை உடைக்கும், மருந்து மறுபடி படலம் போடும். வெறும் தண்ணீரில் அந்தப் படலம் ஏது? கார்களுக்கான சில கூலன்ட்டுகளிலும் லைனருக்கான இந்தப் பாதுகாப்பு இருக்காது. அதனால் கேனில் கனரக டீசல் இன்ஜினுக்கு உகந்தது என்று எழுதியிருக்கிறதா, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் வகைதானா என்று பார்த்து வாங்க வேண்டும்.

"பனியே உறையாத இடத்தில் எதற்கு ஆண்டிஃப்ரீஸ்?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நானும் முன்பு அப்படித்தான் கேட்டேன். கூலன்ட்டுக்கு இருக்கும் அந்த இன்னொரு பெயர்தான், 'உறையாமல் தடுப்பது' என்று பொருள்படுவதால், ஆளை ஏமாற்றுகிறது. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. கூலன்ட்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்காலும் நீரும் பாதிக்குப் பாதி கலந்தால் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது ஒரு பக்கம். அதே கலவை 100 டிகிரியில் கொதிக்காமல் 107 டிகிரி வரை தாங்கும் என்பது இன்னொரு பக்கம். ரேடியேட்டர் மூடி 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர் 120 டிகிரிக்கு வரும், கலவை கிட்டத்தட்ட 128 டிகிரிக்குப் போகும். அந்த எட்டு டிகிரி சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் கொதித்த இடத்தில் திரவம் இருக்காது, ஆவிதான் இருக்கும். ஆவி இரும்பிலிருந்து திரவம் அளவுக்குச் சூட்டை எடுக்காது. டீசலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்தத் திரவம்தான் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்குகிறது. கொதிநிலை என்பது ஆரம்ப காலத்திலிருந்தே டிராக்டர் செய்தவர்களைப் படுத்திய விஷயம். 1910-களில் அமெரிக்காவில் வந்த ரூம்லி ஆயில்புல் டிராக்டரில் தண்ணீருக்குப் பதில் எண்ணெயையே குளிர்விக்கும் திரவமாக வைத்தார்கள். எண்ணெய் அவ்வளவு எளிதில் கொதிக்காது, இரும்பு துருப்பிடிக்காது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீர் போதாது என்று கண்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னவுடன் சிலர் நேர் எதிர்த் திசைக்குப் போய்விடுவார்கள். என் நண்பர் ஒருவர், நல்ல பொருள்தானே என்று கலக்காத கூலன்ட்டை அப்படியே முழு ரேடியேட்டருக்கும் ஊற்றிவிட்டார். வண்டி முன்பைவிட அதிகமாகச் சூடானது. கிளைக்கால் தனியாக இருந்தால் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தைச் சுமக்காது. குளிர்காலத்திலும் அது சீக்கிரம் உறையும், மைனஸ் 13 டிகிரியிலேயே. தண்ணீரோடு சேர்ந்தால்தான் இரண்டுக்கும் பலம். கடையில் இரண்டு விதக் கேன்கள் இருக்கும். ஒன்று கலக்க வேண்டியது, இன்னொன்று கலந்து வருவது. கலந்து வருவதில் மறுபடி தண்ணீர் ஊற்றினால் நீர்த்துப்போகும். கலக்க வேண்டியதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான், பேட்டரிக்கு ஊற்றுவோமே, அது. போர்வெல் நீரில் கலந்தால் நல்ல மருந்தின் பாதி அந்த உப்போடு சண்டை போட்டே தீர்ந்துவிடும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சை, சிவப்பு, நீலம், ஆரஞ்சு எல்லாம் வெறும் சாயம். எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொதுவான நிற விதி கிடையாது. பச்சையும் பச்சையும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு வகையைக் கலந்தால் உள்ளே வழவழப்பான சேறு போலத் திரண்டு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். என்ன ஊற்றினோம், எப்போது ஊற்றினோம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டிவைப்பது நல்லது. வண்டி கை மாறும்போது வாங்குகிறவருக்கும் உதவும். எங்களுக்கு விற்றவர் அப்படி ஒட்டியிருந்தால் எவ்வளவோ தெரிந்திருக்கும்.

கூலன்ட்டுக்கும் ஆயுள் உண்டு. நாள் போகப் போக மருந்து தீர்ந்து, கலவை அமிலமாக மாறும். பழைய வகை என்றால் இரண்டு ஆண்டு, நீண்ட ஆயுள் வகை என்றால் ஐந்தாண்டு வரை என்பது பொதுக் கணக்கு. கையேட்டில் மணிக்கணக்கும் போட்டிருக்கும், எது முதலில் வருகிறதோ அது. கலவையின் அளவை ஒரு சொட்டு வைத்து ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்கலாம். ஆனால் அது கிளைக்கால் எவ்வளவு என்று மட்டுமே சொல்லும், மருந்து மிச்சமிருக்கிறதா என்று சொல்லாது. அதற்குத் தனியாகச் சோதனைப் பட்டைகள் இருக்கின்றன. இரண்டும் கிடைக்காவிட்டால் ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். துரு நிறமோ, மிதக்கும் துகளோ, எண்ணெய்ப் படலமோ தெரிந்தால் காத்திருக்காதீர்கள்.

மாற்றும்போது நாங்கள் செய்த ஒரு தவறு. ரேடியேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் குழாயை மட்டும் திறந்து வடித்துவிட்டு முடிந்தது என்று நினைத்துவிட்டோம். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டிலும் ஒரு வடிகால் பிளக் இருக்கிறது. அதைத் திறக்காவிட்டால் பழையதில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். இரண்டையும் திறந்து, சுத்தமான தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓட்டி, ஆறவைத்து மறுபடி வடிக்க வேண்டும். வடிவது தெளியும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அப்படியும் கொஞ்சம் கழுவின தண்ணீர் உள்ளே நிற்கும். அதனால் அமைப்பு மொத்தம் ஒன்பது லிட்டர் என்று கையேடு சொன்னால், கலக்காத கூலன்ட் நாலரை லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு மீதி இடத்தை வடித்த நீரால் நிரப்புங்கள். பாதிக்குப் பாதி கணக்கு தானாக வந்துவிடும். மெதுவாக ஊற்ற வேண்டும், அவசரப்பட்டால் உள்ளே காற்று சிக்கும். முதல் நாள் ஓட்டி, ஆறிய பிறகு மறுநாள் காலை மட்டத்தை மறுபடி பாருங்கள். சிக்கியிருந்த காற்று வெளியேறி மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த ஒருமுறை குறைவதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அப்புறம் தெர்மோஸ்டாட். வண்டி சூடாகிறது என்று போனால் அதைக் கழற்றி வீசிவிட்டு, இனி சூடாகாது என்று அனுப்பிவைக்கும் ஒர்க்‌ஷாப்கள் உண்டு. எங்கள் வண்டிக்கும் முன்பு ஒருமுறை அதைத்தான் செய்தார்கள். நாங்களும் தலைவலி போனது என்று மகிழ்ந்தோம். அது தேவையில்லாத உதிரி அல்ல. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்துவைத்து, உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்ததும் வழிவிடுவது அதன் வேலை. பெரும்பாலும் 71 முதல் 82 டிகிரிக்குள் திறக்கும், எண்ணை அதிலேயே பொறித்திருப்பார்கள். இல்லாவிட்டால் இன்ஜின் தன் சரியான சூட்டுக்கு வரவே வராது. டீசல் முழுதாக எரியாது, எரியாதது சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும், லைனரும் ரிங்கும் தேயும், டீசல் அதிகம் குடிக்கும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடப்பதால், கழற்றிய பிறகு சூடு இன்னும் ஏறும். சந்தேகம் இருந்தால் அதை வெந்நீரில் போட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று பாருங்கள். கெட்டிருந்தால் புதிது போடுங்கள். வெற்றிடமாக மட்டும் விடாதீர்கள்.

ரேடியேட்டர் மூடியையும் மூடிதானே என்று விட்டுவிடுகிறோம். அதில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று அழுத்தத்தைப் பிடித்துவைத்து, மிஞ்சினால் ரிசர்வ் டப்பாவுக்கு விடுவது. இன்னொன்று இன்ஜின் ஆறும்போது அதே கூலன்ட்டை டப்பாவிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்வது. வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் இரண்டாவது வால்வு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். மூடியின் ரப்பர் விரிசல் விட்டிருந்தால் அழுத்தம் நிற்காது. மேலே சொன்ன 120, 128 எல்லாம் காற்றோடு போய்விடும். வேறு வண்டியின் மூடி பொருந்துகிறதே என்று போடாதீர்கள், அழுத்த எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்த மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. என் வலது முன்கையில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. கோணிப்பையைச் சுற்றித்தான் திறந்தேன். அழுத்தத்தில் 110 டிகிரியில் கொதிக்காமல் இருந்த தண்ணீர், அழுத்தம் விலகிய அந்த நொடியிலேயே ஆவியாகிச் சீறியது. தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். எந்தத் துணியும் அதைத் தாங்காது. மூடியையும் மேல் ஹோஸையும் வெறுங்கையால் சுகமாகத் தொட முடியும் வரை காத்திருக்க வேண்டும். அதேபோல், வெந்துபோன இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடும். சூடு ஏறுகிறது, ஆனால் கூலன்ட் இருக்கிறது என்றால் பளுவை எடுத்துவிட்டு, இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டால் தானே இறங்கும். கூலன்ட் கொட்டிவிட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிடம்கூட ஓடக் கூடாது.

வேலை நடுவே சூடு ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் வெளியில்தான் இருக்கும். கதிரடிக்கும்போதும், ரோட்டவேட்டர் ஓட்டும்போதும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே சண்டு போய் மெத்தை போல அடைத்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் வலையைத் தட்டிவிட்டால் போதாது. இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ஃபேன் இருக்கும் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிக் காற்று அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் சண்டு இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். கதிரடிக்கும் நாட்களில் நான் இதை இரண்டு முறை செய்கிறேன், மதியம் ஒருமுறை, முடித்த பிறகு ஒருமுறை. ஃபேன் பெல்ட்டும் அப்படித்தான். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டரோ கொஞ்சம் கூடவோ இறங்க வேண்டும். தொய்ந்தால் பம்பும் ஃபேனும் இரண்டுமே சோம்பும்.

உள்ளே போகிறதா என்று பார்ப்பதும் கடினமில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் கூலன்ட் ஆயிலில் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள், பேரிங்குகள் போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்துகொண்டே இருக்கிறதா? அப்படியென்றால் கேஸ்கட் வழியாகப் புகை உள்ளே வருகிறது என்று சந்தேகப்படலாம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, அதில் இனிப்பான வாடை இருக்கிறது என்றால் கூலன்ட் எரிகிறது. வெளியே ஒழுகுவதைக் கண்டுபிடிக்க இன்னும் எளிய வழி: இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவைத்தால் காலையில் அது சொல்லிவிடும்.

அந்த இனிப்பு வாடையைப் பற்றி இன்னொன்று. இதை எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதாமல் விடவும் முடியவில்லை. வடித்த பழைய கூலன்ட்டை ஒரு தட்டையான பேசினில் கொட்டகையில் வைத்துவிட்டு மறந்தோம். எங்கள் நாய் குடித்துவிட்டது. முதலில் தள்ளாடியது, பிறகு தெளிந்தது போல இருந்தது, மூன்றாம் நாள் போய்விட்டது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். உடலுக்குள் போய் மாறி சிறுநீரகத்தில் படிகங்களாகி அதை அடைத்துவிடும். கலக்காத கூலன்ட் என்றால் சிறிய நாய் ஒன்றுக்கு ஓரிரு மேஜைக்கரண்டி போதும். குழந்தைகளுக்கும் கன்றுகளுக்கும் அதே விஷம்தான். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்காதீர்கள். வயலிலும் வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். மூடியுள்ள கேனில் ஊற்றி, என்னவென்று எழுதி, உயரத்தில் வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது இரண்டு. முதலாவது, உங்கள் வேளாண் பக்கத்தில் இனி ரேடியேட்டர் தண்ணீர் என்று எழுதாமல் கூலன்ட் என்றே எழுதுங்கள். சொல் மாறினால் கை தானாகப் போர்வெல் பக்கம் போகாது. இன்ஜின் ஆயில் குறைந்தால் யாரும் சமையல் எண்ணெயை ஊற்றுவதில்லையே, காரணம் அதன் பெயரே அது வேறு பொருள் என்று சொல்லிவிடுகிறது. இரண்டாவது, டிராக்டர் தயாரிப்பாளர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கை. கூலன்ட்டின் வகை, மொத்தக் கொள்ளளவு, கலவை விகிதம், மாற்ற வேண்டிய கால அளவு, மூடியின் அழுத்த எண் ஆகிய ஐந்தையும் தமிழில் ஒரு ஸ்டிக்கராக அடித்து பானெட்டுக்கு உள்ளே ஒட்டிக் கொடுங்கள். கையேடு முதல் வாரத்திலேயே தொலைந்துவிடுகிறது, இரண்டாம் கையாக வாங்குகிறவருக்குக் கையேடு கிடைப்பதே இல்லை. கூலன்ட் மட்டம் இறங்கினால் ஒலிக்கும் ஓர் எச்சரிக்கை மணியும் எல்லா வண்டியிலும் இருக்க வேண்டும். முள் எங்களிடம் பொய் சொன்ன அந்தச் சில நிமிடத்தில் அப்படி ஒரு மணி அடித்திருந்தால் அந்த இன்ஜின் பிழைத்திருக்கும்.

இப்போது இருக்கும் வண்டியில் ரிசர்வ் டப்பாவின் மேல் கறுப்பு டேப்பால் ஒரு கோடு ஒட்டியிருக்கிறோம். காலையில் ஆறிய வண்டியில் மட்டம் அந்தக் கோட்டில் நிற்கிறதா என்று பார்த்து, மணிமீட்டர் எண்ணோடு தம்பி ஒரு நோட்டில் எழுதுவான். கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கினாலும் அன்றைக்கு வண்டி வேலைக்குப் போகாது, பம்பிலிருந்து ஹோஸ் கிளாம்ப் வரை டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் போகும். போன மாதம் அப்படிப் பார்த்ததில் கீழ் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரை மூன்று சுற்று திருப்பியதோடு வேலை முடிந்தது.

அறுவடை நெருங்குகிறது. கதிரடிக்கும் வேலை தொடங்கும் முன் இதை வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
டிராக்டர் ஓட்டும் உங்கள் வாசகர் ஒருவர்